தனியாள் பழிவாங்கல் படங்கள்: படம் விட்டு வரும்போது எல்லோரும் கேட்கிற கேள்விகள்

திருகோணமலையில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களும், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குறும்படம் எடுக்கப் போகிற பெடியளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். சுலபமானவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி இலக்கத்தை மட்டும் தந்திருக்கிறோம்.

1. தனியாள் பழிவாங்கல் படம் எண்டா என்ன? எல்லாச் சண்டைப் படமும் அதுதானே?

இல்லை. மூன்று சாமான் வேண்டும். திருப்பித் தர முடியாத ஓர் இழப்பு. அதைச் செய்தவர்களின் பட்டியல், அதாவது பெயரும் முகமும் உள்ள ஆட்கள். மூன்றாவது, முறையிடப் போக இடமில்லாமல் தனித்துப்போன ஒருவர். ஊரைக் காப்பாற்ற வருகிறவரின் படமும், கடமைக்காகக் கள்வனைத் துரத்துகிற பொலிஸ்காரரின் படமும் வேறு வகை.

சந்தேகமாக இருந்தால் இப்படிச் சோதியுங்கள். அந்த இழப்புக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டு இரண்டாம் பாதியை நினைத்துப் பாருங்கள். அப்போதும் சண்டைகள் நடக்குமென்றால் அது வெறும் சண்டைப் படம்.

2. ஒரே கதைதான் எண்டு தெரிஞ்சும் ஏன் காசு குடுத்துப் பாக்கிறம்?

வடமோடிக் கூத்தில் அபிமன்யு சாவான் என்று கூத்தாடுகிற வட்ட மேடையான வட்டக்களரியைச் சுற்றி இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை இருப்பார்கள். அவனுடைய வரவு எப்படி, ஆட்டம் எப்படி, எந்த இடத்தில் மத்தளம் ஏறுகிறது என்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். இந்தப் படங்களும் அந்தப் பரம்பரைதான். கதாநாயகன் முதலில் செருப்புக் காலாகவும் பிறகு முதுகாகவும் கடைசியில் முகமாகவும் வருகிற அறிமுகக் காட்சிக்கும், கட்டியகாரன் சொல்லிவைக்க ராசா களரிக்குள் இறங்குகிற வரவுக்கும் அதிக தூரமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியமானது. இந்தப் படங்கள் தருவது ஒரு தெளிவான கணக்கு. யார் செய்தது, என்ன செய்தது, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இரண்டரை மணித்தியாலத்துக்குள் எழுதி, கூட்டி, தீர்த்தும் ஆகிவிடுகிறது. ஒரு காணிப் பிணக்கு பத்துப் பதினைந்து வருடம் இழுபடுவதைப் பார்த்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று விளக்கத் தேவையில்லை.

3. ஏன் எப்பவும் தனியாள்? நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போனா லேசாத்தானே?

லேசாகத்தான் இருக்கும், அதனால்தான் சேர்ப்பதில்லை. நாலு பேர் போனால் அது குழுச் சண்டை. யார் வெல்வது என்பது ஆள்பலத்தைப் பொறுத்தது. ஒருவர் போனால் ஒவ்வொரு கதவும் ஆபத்து. கடனும் அவருடையதாகவே இருக்கிறது. உதவிக்கு ஆள் வரலாம்: துவக்குத் தருகிற கிழவர், காயத்துக்குத் தையல் போடுகிற டொக்டர், ஓட்டோக்காரர். ஆனால் அவர்கள் கருவியும் தகவலும் மட்டுமே கொடுக்கலாம். பட்டியலில் உள்ள ஒருவனை அவர்களில் யாராவது முடித்துவிட்டால் தியேட்டரில் ஓர் ஏமாற்றம் தெரியும். கைதட்டலே வராது.

இந்தத் தனியாள் ஒரு தேசத்துக்குச் சொந்தமில்லை. அகிரா குரோசாவா 1961இல் எடுத்த சாமுராய்ப் படம் 1964இல் இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே கையில் கௌபோய்ப் படமானது. உரிமை கேட்டு ஜப்பானியக் கம்பனி வழக்குக்குப் போய், பிறகு சமரசமானது. 1973இல் அமிதாப் பச்சனைக் 'கோபக்கார இளைஞன்' ஆக்கிய 'ஸஞ்சீர்', அடுத்த வருடமே எம்.ஜி.ஆர். நடிக்க 'சிரித்து வாழ வேண்டும்' என்று தமிழுக்கு வந்தது. பெற்றோரைக் கொன்றவனைச் சிறுவயதில் கண்ட பிள்ளை வளர்ந்து தேடுவதுதான் கதை. உடுப்பும் ஊரும் மாறும், கணக்கு மாறாது.

4. அவ்வளவு பலசாலி ஏன் முதல் முக்கால் மணித்தியாலம் பேசாம அடி வாங்கிக்கொண்டு நிக்கிறார்?

அமுக்கம் ஏற வேண்டும் என்பதற்காக. 1995இல் வந்த 'பாட்ஷா' இதற்குப் பாடப்புத்தகம். தம்பிக்கு விழவேண்டிய அடியை அந்த ஓட்டோக்காரர் தான் வாங்குகிறார். தங்கைக்கு ஆபத்து வரும்போதுதான் கை ஓங்குகிறது. தனக்காக அடித்திருந்தால் அவர் சண்டைக்காரர். பொறுத்துப் பொறுத்துப் பிறருக்காக அடித்ததால்தான் பார்க்கிறவர்கள் அவருக்கு அனுமதி கொடுக்கிறார்கள். அந்த அனுமதி கிடைக்காமல் தொடங்குகிற சண்டை எவ்வளவு செலவழித்து எடுத்தாலும் எடுபடாது.

நேரக் கணக்கும் இருக்கிறது. 150 நிமிடத் தமிழ்ப் படத்தில் இடைவேளை ஏறத்தாழ 75ஆவது நிமிடத்தில் வரும். முதல் வெடிப்பு அதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால், சனம் தேத்தண்ணி குடிக்கும்போது கதைக்க விஷயம் இருக்கும். 20ஆவது நிமிடத்திலேயே வெடித்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு ஆள் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டி வரும். பத்துப் பேர் முப்பதாகி, முப்பது அறுபதாகும். இரண்டாம் பாதி இழுபடுகிற படங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

5. ஒரு நாய்க்குட்டிக்காக அத்தனை பேரைக் கொல்லுறதா? விசர்க் கதை இல்லையா?

2014இல் வந்த 'ஜோன் விக்'கைத்தான் கேட்கிறீர்கள். அந்தக் குட்டி, இறந்துபோன மனைவி கதாநாயகனுக்கு விட்டுச்சென்ற கடைசிப் பரிசு. அதைக் கொன்றவன் ஒரு நாயை மட்டும் கொல்லவில்லை, கதாநாயகன் துக்கம் காக்க விடப்பட்டிருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டான். இழந்த பொருள் சின்னதாக இருக்கலாம். அதில் ஏற்றிவைத்த பாரம்தான் பெரிதாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கதையென்றால் அப்பா விட்டுப்போன வள்ளமோ, அம்மாவின் தையல் மெசினோ போதும். ஆனால் அந்தப் பொருளோடு அவர் தனியாக இருக்கிற ஒரு நிமிடத்தையாவது முதலில் காட்டிவிட வேண்டும். அதைக் காட்டாவிட்டால் 'விசர்க் கதை' என்று நீங்கள் சொல்வது சரியாகிவிடும்.

தண்டனை குற்றத்துக்குப் பொருந்த வேண்டுமா என்பதை டொல்ஃப் ஸில்மன், ஜெனிங்ஸ் பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975இல் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஒரே கதைக்கு மூன்று முடிவு: கெட்டவனுக்குக் குறைந்த தண்டனை, அளவான தண்டனை, அதிக தண்டனை. 4 வயதுப் பிள்ளைகளுக்குத் தண்டனை கூடக் கூடச் சந்தோசம். 7, 8 வயதுப் பிள்ளைகளுக்கு அளவான தண்டனைதான் அதிகம் பிடித்தது. அந்த வயதிலேயே தராசு வந்துவிடுகிறது. மூன்றாம் பாகம், நாலாம் பாகம் என்று பிணம் குவிக்கிற படங்கள் நம்மை மறுபடி 4 வயதாக்கப் பார்க்கின்றன. சிலவேளை வென்றும் விடுகின்றன.

6. முப்பது பேர் சுத்தி நிண்டுகொண்டு ஏன் ஒருவர் ஒருவரா வருகினம்?

எல்லோரும் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. முப்பது பேர் சேர்ந்து பாய்ந்தால் எட்டு விநாடியில் படம் முடிந்துவிடும். ஆனால் நல்ல சண்டை இயக்குநர் இந்தக் கேள்வியே வராதபடி செய்வார். அதற்குச் சில வழிகள் இருக்கின்றன. சண்டையை ஒடுங்கிய இடத்துக்குக் கொண்டுபோவது முதல் வழி: படிக்கட்டு, பஸ்ஸின் உள்பக்கம், மீன்பெட்டி அடுக்கிய சந்து. அங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வரவே முடியாது. அடுத்தது, எப்போதும் மூன்று பேரை 'உயிரோடு' வைத்திருப்பது. ஒருவர் அடிக்கிறார், ஒருவர் விழுந்து எழும்புகிறார், ஒருவர் ஆயுதம் தேடுகிறார். பின்னால் நிற்பவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு முறை வரும்வரை நிற்கிற ஒருவர் கமெராச் சட்டத்துக்குள் தெரிந்தால் போதும், அத்தனையும் கெட்டுவிடும்.

பார்க் சான்-வூக் 2003இல் எடுத்த 'ஓல்ட்பாய்' படத்தின் நடைபாதைச் சண்டையைக் கவனியுங்கள். கமெரா பக்கவாட்டில் நகர்கிறது, வெட்டே இல்லை. மூன்று நாளில் 17 தடவை எடுத்தார்கள். கதாநாயகன் கையில் ஒரு சுத்தியல். அடிக்கிறவனும் களைக்கிறான், அடிவாங்குகிறவர்களும் களைத்துச் சுவரில் சாய்கிறார்கள். அவர்கள் ஏன் ஒன்றாகப் பாயவில்லை என்பதற்கு அந்த மூச்சிரைப்பே பதில். நம் படங்களில் அதிகம் குறைவது இந்தக் களைப்புத்தான். வேர்வை வருகிறது, மூச்சு வாங்குவதில்லை.

7. துவக்கில குண்டு முடியிறதே இல்லையே?

சாதாரண 9 மி.மீ. பிஸ்டல் மகசினில் 15 அல்லது 17 குண்டு. பழைய றிவோல்வரில் பெரும்பாலும் 6. எண்ணிக்கொண்டு பார்த்தால் பல படம் பிடிபடும். 5இல் சொன்ன படத்தை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி முன்னாள் சண்டைக் கலைஞர். அவர் மகசின் மாற்றுவதையே காட்சியாக்கினார். குண்டு முடிந்த அந்த இரண்டு விநாடியில்தான் நமக்குப் பயம் வருகிறது. முடியாத குண்டு சண்டையைப் பெரிதாக்காது, பயத்தைத்தான் எடுத்துவிடும்.

8. வில்லன் எத்தனை பேர் இருக்கலாம்?

நினைவில் நிற்க மூன்று முதல் ஐந்து. 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' நாலு பேரை வைத்தது. சர்க்கஸ்காரனான அப்பு ஆளுக்கொரு விதமாகத் தன் சர்க்கஸ் வித்தையாலேயே கணக்குத் தீர்க்கிறான். ஆயுதம் அவன் தொழிலிலிருந்து வருகிறது, அதுதான் அழகு. மீனவன் வலையும் முடிச்சும் தெரிந்தவன், தச்சன் மரம் தெரிந்தவன். அவன் கையில் திடீரென்று இயந்திரத் துவக்கைக் கொடுத்தால் கதை அவனை விட்டுப் போய்விடும்.

வரிசையும் உண்டு. கையால் செய்தவன் முதலில், பார்த்துக்கொண்டு நின்றவன் பிறகு, சொல்லிச் செய்வித்தவன் கடைசியில். மாற்றி வைத்தால் உச்சம் நடுவில் வந்துவிடும்.

9. ஏன் எப்பவும் பொம்பிளை செத்துத்தான் கதை தொடங்குது? வேற வழியே இல்லையா?

சோம்பல்தான் காரணம். மனைவியையோ தங்கையையோ ஐந்து நிமிடம் சிரிக்க வைத்து, ஒரு பாட்டுப் போட்டு, கொன்றுவிட்டால் இழப்புத் தயார். அவளுக்கு விருப்பு வெறுப்பு, தொழில், கோபம் ஒன்றும் எழுதத் தேவையில்லை. எத்தனையோ படங்களில் அவளுடைய பெயர்கூட நினைவில் நிற்பதில்லை, படத்துக்குப் போட்ட மாலைதான் நிற்கிறது.

ஆனால் தமிழில் நாம் அறிந்த மிகப் பழைய தனியாள் பழிவாங்கல் ஒரு பெண்ணுடையது. கையில் ஒற்றைச் சிலம்போடு அரசசபைக்குத் தனியே போன கண்ணகி. கவனியுங்கள், அவள் முதலில் வழக்குச் சொல்கிறாள், ஆதாரம் காட்டுகிறாள், அரசனின் பிழையை நிறுவுகிறாள். அதன் பிறகுதான் தீ. அனுமதி பெறுவது என்று 4இல் சொன்னோமே, அதை இவ்வளவு சுத்தமாகச் செய்த கதை குறைவு. கௌரவர் சபையில் அவமானப்பட்டு, அவிழ்ந்த கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் எடுத்த திரௌபதிக்குப் பாண்டிருப்பில் இன்றும் தீமிதிப்பு நடக்கிறது. கிழக்கு மாகாணத்துக்காரருக்கு இந்த வகைக் கதை சினிமாவோடு வந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. கிழக்கின் கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசியில் நடப்பது குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் கோபத்தைத் தணிக்கிற சடங்கு. எரித்ததைப் பாடுவதோடு முடிப்பதில்லை, ஆற்றித்தான் முடிக்கிறார்கள். பழிவாங்கல் படத்தில் கடைசி வில்லன் விழுந்ததும் பெயர் ஓட விடுகிறவர்கள் இந்தக் குளிர்த்தியை மறந்தவர்கள். கதாநாயகன் கை கழுவுவதாக இருக்கலாம், ஒரு பிள்ளைக்குச் சோறு போடுவதாக இருக்கலாம், பொலிஸ் வரும்வரை படியில் சும்மா குந்தியிருப்பதாகவும் இருக்கலாம். ஒன்றரை நிமிடமாவது வேண்டும். அது இல்லாத படம் முடிந்து வெளியே வரும்போது தலை இடிக்கும், ஏன் என்று தெரியாது.

10. சண்டையை நேரில கண்ட ஊர் இது. பேந்தும் ஏன் இரத்தம் பாக்கினம்?

எல்லோரும் பார்ப்பதில்லை. வெடிச் சத்தமும் ஹெலி சத்தமும் கேட்டால் எழும்பிப் போகிறவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் சத்தத்தைக் குறையுங்கள், அல்லது காதில் மாட்டிக்கொண்டு பாருங்கள். 'இது படம்தானே' என்று அவருக்கு விளக்கப் போகாதீர்கள். படம் என்று அவருக்கும் தெரியும்.

பார்க்கிறவர்களைப் பற்றியென்றால், 2இல் சொன்ன கணக்கு இங்கே இன்னும் கனமாகிறது. நேரில் நடந்த வன்முறையில் செய்தவர் யார் என்று பலவேளை தெரியாது. தெரிந்தாலும் சொல்ல முடியாது. சொன்னாலும் தவணைக்கு மேல் தவணை. படத்தில் முதல் அரை மணித்தியாலத்துக்குள் செய்தவனின் முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். பார்க்கிறவரைப் பிடித்து வைப்பது இரத்தம் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த முகம்தான்.

11. பழி வாங்கினா உண்மையிலேயே மனசு ஆறுமா? இந்தப் படங்கள் அதை நியாயப்படுத்துதா?

ஆறும் என்று நாம் நினைக்கிறோம். கெவின் கார்ல்ஸ்மித், திமத்தி வில்சன், டானியல் கில்பேர்ட் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், காசு வைத்து விளையாடுகிற ஒரு விளையாட்டில் ஏமாற்றியவனைத் தண்டிக்கும் வாய்ப்பைச் சிலருக்குக் கொடுத்தார்கள். தண்டித்தால் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார்கள், நடந்தது மறுபக்கம். தண்டித்தவர்கள் அவனையே நினைத்துக்கொண்டிருந்தார்கள், வாய்ப்புக் கிடைக்காதவர்களை விட மனநிலை மோசமாக இருந்தது. விளையாட்டுக் காசுக்கே இப்படி.

படங்கள் நியாயப்படுத்துகின்றனவா என்றால், சில படங்கள் ஆம். பிரையன் கார்ஃபீல்ட் 1972இல் எழுதிய நாவலில், மனைவியை இழந்து துவக்கோடு இரவில் அலைகிறவன் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறான். 1974இல் 'டெத் விஷ்' என்று படமானபோது தியேட்டரில் அவனுக்குக் கைதட்டினார்கள். கார்ஃபீல்டுக்கு அது பிடிக்காமல் 1975இல் இன்னொரு நாவல் எழுதினார். கதை ஏறக்குறைய ஒன்றுதான். கமெரா எங்கே நிற்கிறது, இசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் நியாயம் மாறுகிறது. ஒரு படத்தை எடைபோட வேண்டுமானால் கடைசி அடிக்குப் பிறகு கதாநாயகனின் முகத்தைப் பாருங்கள். சிரித்தால் ஒரு படம், வெறுமையாக இருந்தால் வேறு படம்.

12. பிள்ளையளோட இருந்து பாக்கலாமா?

சான்றிதழைப் பாருங்கள். இந்தியாவில் 2024 முதல் யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். 'ஏ' என்றால் 18க்கு மேல். 10 வயதுப் பிள்ளைக்கு 16+ படம் வேண்டாம். இன்னும் சின்னப் பிள்ளைகளென்றால் 5இல் சொன்ன தராசு வரும்வரை பொறுங்கள்.

13. நாங்க நாலு பேர், ஒரு ஃபோன். திருகோணமலையிலேயே 12 நிமிசத்தில இப்பிடி ஒண்டு எடுக்கேலுமா?

எடுக்கலாம். 12 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள்: இழந்த பொருளோடு வாழ்வு 2, இழப்பு 1, தேடல் 3, சண்டை 3, கடைசி ஆளோடு பேச்சு 1½, குளிர்த்தி 1½. பெடியள் எழுதிக்கொண்டு வருகிற கதைகளில் சண்டை 8 நிமிடம் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் 3 நிமிடத்துக்கு மேல் அடித்தால் அசைவுகள் திரும்பத் திரும்ப வரும், பிழை தெரியும்.

அடி படாமல் அடிப்பதற்கு: கை முகத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் போகட்டும். கமெரா அடிப்பவரின் அல்லது வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் நின்றால் அந்த இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் நின்றால் தெரிந்துவிடும். ஃபோனில் 2 மடங்கு லென்ஸைப் போட்டுப் பின்னால் தள்ளி நில்லுங்கள், இடைவெளி இன்னும் சுருங்கும். அடியை விற்பது வாங்குகிறவரின் தலைதான், ஆகவே அவரை அதிகம் பழக்குங்கள். முதலில் கால்வேகத்தில் பத்துத் தடவை, பிறகு அரைவேகத்தில். சத்தத்துக்கு ஈரத் துவாயைச் சீமெந்துத் தரையில் அடித்துப் பதியுங்கள். கத்தி அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியதாக இருக்கட்டும். உண்மைக் கத்தி, மொட்டையானதுகூட, வேண்டாம்.

இரத்தத்துக்கு ஒரு கப் சீனியை அரைக் கப் தண்ணீரில் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி கோன்ஃபிளவரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து விட்டு, ஆறியபின் சிவப்பு நிறமியும் கால் தேக்கரண்டி கொக்கோவும் சேருங்கள். கொக்கோ இல்லாவிட்டால் சர்பத் நிறத்தில் வரும். வெயிலில் இருபது நிமிடம் கிடந்தால் எறும்பும் இலையானும் வந்துவிடும், கடைசி நேரத்தில் பூசுங்கள். வெள்ளைச் சேர்ட்டில் பட்டால் போகாது. இரண்டு சேர்ட் வைத்திருங்கள்.

வெளிச்சம்: நம் கடல் கிழக்கே. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ சூரியன் கடலில் விழுவதாகக் கதை எழுதாதீர்கள். கடல் மேல் வெளிச்சம் வேண்டுமென்றால் விடிய 6 மணிக்கு நிற்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் பதிகிற வசனம் ஒன்றும் தேறாது, உடனேயே ஓர் அறைக்குள் போய் மறுபடி சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். மாரியில் கரைக்கு அருகே சண்டை வைக்க வேண்டாம். கோட்டைக்குள்ளும் கடற்படை இடங்களின் பக்கமும் அனுமதியில்லாமல் கமெரா தூக்கக்கூடாது, ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை. விளையாட்டுத் துவக்கோடு றோட்டில் ஓடுவதை அடியோடு விடுங்கள். 8இல் சொன்னபடி வலையும் கயிறும் போதும்.

14. வில்லனா நடிக்க ஒருத்தரும் வருகினமில்லை. எல்லாருக்கும் ஹீரோதான் வேணுமாம்.

எழுத்துப் பிரதியை விரித்து வசனத்தை எண்ணிக் காட்டுங்கள். ஒழுங்காக எழுதிய 12 நிமிடக் கதையில் கதாநாயகனுக்குப் பத்து வரிக்கு மேல் இருக்காது. மிச்சம் முழுக்க வில்லனுக்கு. நல்லாகக் கதைக்கத் தெரிந்தவரையே அதற்குப் போடுங்கள். கதாநாயகனுக்கு நடக்கவும் மூச்சு வாங்கவும் தெரிந்தால் போதும். எண்ணிக்கையைக் கேட்டதும் ஹீரோவாக நின்றவரே பக்கம் மாறப் பார்ப்பார்.